தண்ணீர் இறக்கி வைக்கும் இடம்

என் தம்பிக்குக் காலிங்பெல் அடிக்கும் பழக்கம் கிடையாது. எங்கள் காட்டூர் வீட்டு வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுவான். ஒருமுறை செருமி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் செருமுவான். அதற்குள் நான் கதவைத் திறந்திருப்பேன். கொள்ளிடம் அவனைக் கொண்டுபோன பிறகும் அந்தச் செருமல் நிற்கவில்லை. கேஸ் அடுப்பை அணைக்கும்போது கேட்கும். துணி காயப்போட மாடிக்குப் போனால் படிக்கட்டுக்குக் கீழே கேட்கும். நான் போய்க் கதவைத் திறப்பேன். தெருவில் ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருக்கும், அவ்வளவுதான். திரும்பி வந்தால் என் கணவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அது ஆடி மாத வெள்ளம். மேட்டூரில் தண்ணீர் திறந்து கொள்ளிடத்தில் இரண்டு கரையும் தொட்டுப் போனது. ஸ்ரீரங்கத்தில் எல்லோரும் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தம்பியும் இரண்டு நண்பர்களோடு போனான். திரும்பும்போது காலெல்லாம் சேறு. பைக்கில் ஏறுவதற்கு முன் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று இறங்கினான். நண்பர்கள் அவன் தலையை ஒருமுறை பார்த்தார்கள், கொஞ்ச தூரம் தள்ளி மறுபடியும் பார்த்தார்கள். அப்புறம் தண்ணீர்தான்.

தீயணைப்புத் துறையினர் படகில் அணைக்கரை வரை தேடினார்கள். வெள்ளம் வடிந்ததும் மணல் திட்டுகளில் தேடினார்கள். கிடைக்கவில்லை. எங்கேயாவது அடையாளம் தெரியாத உடல் ஒதுங்கினால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அப்பாவின் போனுக்குப் போட்டோ வரும். அப்பா தனியாகப் பூஜை அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, "நம்மாத்துப் பிள்ளை இல்லை" என்பார். அம்மாவிடமோ என்னிடமோ அந்தப் போனைக் கொடுக்கமாட்டார்.

அப்பா ரிடையர் ஆன கணக்கு வாத்தியார். நித்தியம் ரங்கநாதரைச் சேவித்துவிட்டுத்தான் காபி குடிப்பார். சரீரம் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணலாம், சாஸ்திரத்தில் இடம் உண்டு என்று புரோகிதம் பண்ணும் குடும்பத்து வாத்தியார் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை.

"எதைப் பார்த்துட்டு அவன் போயிட்டான்னு நான் சொல்றது?" என்பார்.

அதனால் அந்த வீட்டில் அவன் செத்துப்போனவனும் இல்லை, இருப்பவனும் இல்லை. போட்டோவுக்கு மாலை இல்லை. அவனைப் பற்றிப் பேசினால் "இருந்தான்" என்று சொல்வதா "இருக்கான்" என்று சொல்வதா என்று தெரியாமல், அவனைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம்.

என் கணவர் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அவர் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். எங்கள் கல்யாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் வரவில்லை. தம்பிதான் வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு முதலில் வந்ததும் அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். நான் இன்றுவரை மீன் தொடுவதில்லை. அவர் சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரத்தையும் அவரே கழுவிவைப்பார். தம்பி வாசலில் செருமிவிட்டு உள்ளே வந்து, நேரே சமையலறைக்குப் போய், ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டான். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்று சிரித்தான். ஒரு வருஷத்துக்குள் அம்மாவைப் பேசிப் பேசிக் கரைத்து எங்களை ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனவனும் அவனே.

அவன் போய் மூன்றாவது வருஷம், தை மாதக் கடைசியில் என் கணவர் சொன்னார்.

"ரெண்டு நாள் எங்கயாவது போயிட்டு வரலாம். மலைப் பக்கமா. தண்ணி கிண்ணி எதுவும் இல்லாத இடமா பார்க்கறேன்."

நீலகிரியில் ஒரு காட்டேஜ் பார்த்தார். ஒரு கணவனும் மனைவியும் நடத்துவது. பணம் கட்டிய பிறகுதான் அவர்கள் அனுப்பிய மெசேஜை முழுதாகப் படித்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் மலையோடை. தங்க வருகிறவர்களுக்கு அதில் தூண்டில் போடக் கற்றுக்கொடுப்பார்கள். மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு அவர்களே வாங்கிவிடுவார்கள். பிடிக்கிற மீனை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும், அது அவர்கள் வைத்திருக்கும் விதி.

"கேன்சல் பண்ணிடறேன். வேற இடம் பார்க்கலாம்" என்றார்.

"வேண்டாம். போகலாம்" என்றேன்.

"ஓடைன்னு போட்டிருக்கும்மா."

"படிச்சேன். கத்துக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கும் தெரியாது. மீனை விட்டுவிடத்தானே போகிறோம், பாவம் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, கரூர் வழியாக மேட்டுப்பாளையம் போய் மலை ஏறினோம். காட்டேஜுக்குப் போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. அந்த வீட்டில் சமையல் கணவர். மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர் மனைவி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். கோயம்புத்தூரில் பேங்க் வேலையை விட்டுவிட்டு வந்தவர். நிறையச் சிரிப்பார். அன்று எங்களை ஓடைப்பக்கமே விடவில்லை. புல்வெளியில் நிற்கவைத்து, நீளமான மெல்லிய கம்பைக் கையில் கொடுத்து, தூண்டில் நரம்பின் நுனியில் முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் கட்டிவிட்டார்.

"பின்னாடி வீசுங்க. நரம்பு முழுசா நீளட்டும். அதுக்கப்புறம் முன்னாடி. அவசரப்பட்டா சாட்டை மாதிரி சத்தம் வரும்."

என் கணவர் வீசியதெல்லாம் சாட்டைதான். ஒருமுறை கம்பளி நூல் அவர் காதில் வந்து சுற்றிக்கொண்டது. நான் சிரித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்தேன் என்பது சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அவர் காதிலிருந்து நூலை எடுக்காமலேயே நின்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஓடைக்குப் போனோம். புல்லில் பனி வெள்ளையாக உறைந்து கிடந்தது. இடுப்பு வரை வரும் ரப்பர் பூட்ஸ் இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தார்கள். ஓடை அப்படியொன்றும் பெரிது இல்லை. அகலமான இடத்தில்கூட ஒரு தெருவளவுதான் இருக்கும். ஆனால் சத்தம் பெரிது. கொள்ளிடத்துக்கு இப்படிச் சத்தம் கிடையாது. அது வெள்ளத்திலும் பேசாமல் போகும்.

அந்த அம்மா எங்களை ஒரு பாறைமேல் உட்காரவைத்தார்.

"கம்பைக் கீழ வைங்க. முதல்ல தண்ணியைப் பாருங்க. அந்த நுரை எங்க போகுதுன்னு பாருங்க."

நுரை பாறையில் இடித்து, வளைந்து, ஒரு கோடாகப் போயிற்று. பெரிய பாறை ஒன்றின் பின்னால் தண்ணீர் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நுரையில் பாதி அதற்குள் வந்து அங்கேயே தங்கிவிட்டது.

"ஓடுற தண்ணி எல்லாத்தையும் கொண்டுபோயிடாதுங்க. பூச்சி, இலை, குச்சின்னு தூக்கிட்டு வர்றதை வழியில எங்கயாவது இறக்கி வெச்சிட்டுத்தான் போகும். மீனும் அந்த இடத்துலதான் காத்திருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கறதுதான் பாதி வேலை."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"பெருசா எதையாவது தூக்கிட்டு வந்தா?" என்று கேட்டேன்.

"மரம் மாதிரியா?"

"ம்."

"அது நுரை போற வழியில போகாது. கனமா இருக்கறது வளைவுல வெளிப்பக்கமா ஒதுங்கும். இல்லாட்டி பாறைக்கு அடியில செருகிக்கும். வாங்க, காட்டறேன்."

எழுந்துபோய்க் காட்டினார். ஓடை வளைகிற இடத்தில், போன மழைக்கு வந்த மரம் ஒன்று பட்டை உரிந்து, எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணவர் பின்னால் வந்து என் தோளைத் தொட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்மாவுக்குத் தெரிய நியாயமில்லை. அவர் அடுத்த வளைவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மதியத்துக்குள் நான் ஒரு மீன் பிடித்தேன். தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய பொய்ப்பூச்சி பாறைக்குப் பின்னால் போய் விழுந்தது, நரம்பு நின்றது, கம்பு என் கையில் துடித்தது. அந்த அம்மா ஓடி வந்து, "கையை நனைச்சிட்டுத் தொடுங்க. காஞ்ச கை பட்டா அதுக்குத் தோல் போயிடும்" என்றார். முள்ளை அவரே எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மீனைக் கையில் பிடித்தேன். பழுப்பு நிறம், உடம்பெல்லாம் புள்ளி. தண்ணீருக்குள்ளேயே, ஓட்டத்தைப் பார்த்து அதன் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மூச்சு வந்ததும் அதுவே போய்விடும் என்றார். நான் குனிந்து பிடித்துக்கொண்டிருந்தேன். அது போனது எனக்குத் தெரியவேயில்லை. கை காலியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் கொஞ்சம் மேலே போனோம். அங்கே ஓடை இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒடுங்கி, சரிந்து, கீழே ஒரு மடுவில் விழுந்தது. என் கணவர் பாறைகளுக்கு மேல்பக்கம் தண்ணீரில் இறங்கி நின்றார். அந்த அம்மா அவருக்குப் பக்கத்துக் கரையில் நின்றார். நான் அவர்களுக்குக் கீழே, மடுவின் ஓரத்தில். என் நரம்பு பின்னாலிருந்த புதரில் மாட்டிக்கொண்டது. ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். ஒருமுறை. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும்.

அவ்வளவு தண்ணீர்ச் சத்தத்தில் அது எப்படிக் கேட்கும் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கேட்டது. கதவைத் திறக்கிற மாதிரி திரும்பினேன். அங்கே யாரும் இல்லை. ஆனால் மேலே என் கணவரின் ஒரு கை மட்டும் தண்ணீருக்கு வெளியே இருந்தது. அந்தக் கையும் உள்ளே போயிற்று.

அந்த அம்மா கத்திக்கொண்டே அவர் மூழ்கிய இடத்துக்கு ஓடினார். நான் ஓடவில்லை. மடுவைப் பார்த்தேன். நுரை இடது பக்கம் போயிற்று. கனமா இருக்கறது வளைவுல வெளிப்பக்கமா ஒதுங்கும். வலது பக்கம், மடு வளையும் இடத்தில் ஒரு சரிந்த பாறை இருந்தது. கம்பை எறிந்துவிட்டு அதை நோக்கிப் போனேன். எப்படிப் போனேன், விழுந்தேனா என்றுகூட நினைவில்லை. முழங்கால் இரண்டும் கிழிந்திருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் பாறையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் நீல ஜெர்கின் ஒன்று, ஆளே இல்லாத துணி மாதிரி, அடியிலிருந்து மெதுவாக என் கையை நோக்கி வந்தது.

காலரைப் பிடித்தேன். அதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார். பூட்ஸ் நிறையத் தண்ணீர் ஏறி என் கணவர் கல்லாகக் கனத்தார். இரண்டு பேருமாக இழுத்துப் பாறைமேல் போட்டோம். புருவத்தில் வெட்டு, ரத்தம். குப்புறத் திருப்பியதும் இருமினார். இருமிக்கொண்டே இருந்தார். அந்த இருமல் நின்றுவிடக் கூடாது என்று நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

டவுனில் ஒரு கிளினிக்கில் தையல் போட்டார்கள். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, திங்கட்கிழமை மதியம் ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு கிளம்பினோம். பின்சீட்டில் அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மேட்டுப்பாளையம் தாண்டியபிறகு சொன்னேன்.

"அவனையும் எங்கயாவது இறக்கி வெச்சிருக்கும்."

கண்ணைத் திறக்காமல், "போய்ப் பார்க்கலாம்" என்றார்.

போனோம். தையல் பிரித்ததும், மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். காரைக் கரை ரோட்டில் நிறுத்திவிட்டு ஆற்றுக்குள் இறங்கி நடப்போம். வெயில் காலத்துக் கொள்ளிடத்தில் மணலும் நாணலும்தான். தண்ணீர் இல்லாத ஆற்றில் தண்ணீர் போன வழியைப் பார்த்தேன். வளைவுகளின் வெளிப்பக்கம், வேர்கள், கரை அரித்த பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்தேன். கிழிந்த சாக்கு, ஒற்றைச் செருப்பு, சாமி படத்தின் சட்டம் எல்லாம் கிடைத்தன. அவர் ஒருமுறைகூடப் போதும் என்று சொல்லவில்லை. சில நாள் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் மூன்றாவதாக ஒருவர் மணலில் நடந்து வருவது போலிருக்கும். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். பார்த்தால் நின்றுவிடும் என்ற பயம்.

அரியலூர்ப் பக்கம் ஒரு ஊரில், வளைவை ஒட்டி ஒரு டீக்கடை. எங்களை இரண்டாவது வாரமும் பார்த்த கடைக்கார அம்மா, "யாரைத் தேடறீங்க?" என்று கேட்டார். எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. சொன்னேன்.

"அந்த வருஷ வெள்ளத்துல ஒரு தம்பி இங்க வந்து ஒதுங்குச்சும்மா. போலீஸ் வந்துச்சு, போட்டோ எடுத்துச்சு. யாரும் வரல. நாங்கதான் கரையிலேயே அடக்கம் பண்ணோம்."

என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருந்தாருங்க?" என்று அவர்தான் கேட்டார்.

"முகம் சொல்ற மாதிரி இல்லைங்க. கையில மட்டும் அம்மான்னு பச்சை குத்தியிருந்துச்சு. அதைப் பார்த்துட்டு எங்க ஊருப் பொம்பளைங்க எல்லாம் அழுதுட்டோம்."

என் தம்பி கையில் எந்தப் பச்சையும் கிடையாது.

இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். அந்த அம்மா கடையைப் பக்கத்து ஆளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். வேலிக்கருவைப் புதருக்கு இந்தப் பக்கம் ஒரு மேடு. தலைமாட்டில் ஒரு கல். மூன்றாம் நாள் பால் தெளித்தார்களாம். பதினாறாம் நாள் வீட்டுக்கு வீடு அரிசி வாங்கிச் சோறாக்கிப் போட்டார்களாம். ஆடி பதினெட்டுக்கு ஊர்ப் பெண்கள் ஆற்றுக்குப் போகும்போது அங்கேயும் ஒரு சூடம் கொளுத்துகிறார்களாம். "பேர் தெரியாதுல்ல, தம்பின்னுதான் சொல்லுவோம்" என்றார்.

நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். யாரென்றே தெரியாத ஒருவனுக்காக அழுகிறேன் என்பது தெரிந்துதான் அழுதேன்.

அன்று சாயங்காலம் நேராக ஸ்ரீரங்கத்துக்குப் போனோம். அதுவரை இரண்டு மாதமாக நாங்கள் தேடுவதை அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன். டீக்கடை அம்மா சொன்னதையும் சொன்னேன். பச்சை குத்தியிருந்ததைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்தார்.

"வலது கையிலயா? கோணலா எழுதியிருக்குமே, அந்தப் பிள்ளையா?"

அந்தப் போட்டோவும் அவர் போனுக்கு வந்திருக்கிறது. நம்மாத்துப் பிள்ளை இல்லை என்று அவர் வெளியே வந்து சொன்ன நாட்களில் அது ஒன்று. இத்தனை நாளும் அந்தக் கை அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

"அவனுக்கு யாராவது பண்ணினாளா?" என்று கேட்டார்.

"பண்ணியிருக்காப்பா. அந்த ஊர்க்காரா எல்லாருமா சேர்ந்து. வருஷா வருஷம் சூடம் ஏத்தறாளாம்."

"பேர்கூடத் தெரியாம."

"ஆமாம்ப்பா."

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்படின்னா நம்மாத்துக் கொழந்தைக்கும் எங்கயாவது யாராவது பண்ணியிருப்பா" என்றார் அப்பா. அதுவரை அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "நாமதான் பண்ணலை."

மறுநாள் அவரே வாத்தியார் வீட்டுக்கு நடந்து போனார். சித்திரை பிறந்து ஒரு நல்ல நாள் பார்த்து, கொள்ளிடக் கரையில் காரியம் நடந்தது. தர்ப்பையை மடித்து, கட்டி, கையும் காலும் வைத்து ஒரு உருவம் செய்தார்கள். ஒரு கைக்குழந்தை அளவுதான் இருந்தது. அப்பாதான் நெருப்பு வைத்தார். என் கணவர் அவருக்குப் பின்னால், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றிருந்தார். தர்ப்பை படபடவென்று எரிந்து உடனே முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எல்லோருமே ஒரு நிமிஷம் அப்படியே நின்றோம்.

செருமல் அதோடு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறது. முன்போல எழுந்து ஓடுவதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "உள்ளே வாடா" என்று மெதுவாகச் சொல்கிறேன். என் கணவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்து நாங்கள் காட்டூருக்குக் கிளம்புகிற அன்று, அம்மா எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினாள். நான் செருப்பு போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என் கணவரைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கப்படாது."

"கேளுங்க அத்தை."

"அன்னிக்கு மலையில தண்ணிக்குள்ள போயிட்டேளே. அப்போ உள்ள என்ன தெரிஞ்சுது?"

அவர் புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"சத்தம்தான் அத்தை. பெரிய சத்தம். வேற எதுவும் தெரியல. வலிக்கல. பயப்படறதுக்குக்கூட நேரம் இல்ல."

"வலிக்கலையா?"

"இல்ல அத்தை."

அம்மா தலையை ஆட்டினாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "சரி. பத்திரமா போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காரில் ஏறியதும் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். தண்ணீருக்குள் அவர் என்ன பார்த்தார், என்ன கேட்டார் என்று என்னிடம் அதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அம்மாவிடம் சொன்னது நிஜமா என்று இன்றுவரை கேட்கவில்லை.